கிளட்ச்சுக்கு குட்பை: முசிறி - திருச்சி ரூட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா, எலெக்ட்ரிக்கா?

முசிறியிலிருந்து திருச்சி சுமார் 40 கி.மீ. காரில் தினமும் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு குணசீலம், வாத்தலை வரை பெரிய சிரமம் இல்லை. நம்பர் 1 டோல்கேட் நெரிசலில்தான் இடது காலுக்கு வேலை ஆரம்பிக்கும். 'அடுத்த கார் கியர் இல்லாததுதான்' என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்போ இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஏ.எம்.டி என்ன செய்யும்?

மேனுவல் காரில் இருக்கும் அதே கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி இயக்கும். 2014-ல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவுக்கு வந்தது. மேனுவலைவிட சுமார் அரை லட்சம் ரூபாய் கூடுதல். கால் வலி போகும். ஆனால் பெட்ரோல் செலவு அப்படியேதான் இருக்கும்.

எலெக்ட்ரிக்கில் என்ன வித்தியாசம்?

கிளட்ச்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். அந்த ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும்.

கரன்ட் பில் எகிறுமா?

எகிறும். ஒரு கணக்கு பார்ப்போம்.

* தினமும் 80 கி.மீ, இரண்டு மாதத்தில் 50 நாள்: 4,000 கி.மீ.
* யூனிட்டுக்கு 8 கி.மீ என்றால் 500 யூனிட்.
* வீட்டில் ஏற்கெனவே 400 யூனிட் ஓடினால் மொத்தம் 900.

500 யூனிட்டைத் தாண்டினால் மானியம் குறையும். ஜூலை 2024 கட்டணப்படி 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு ரூ.9.65, அதற்கு மேல் 1,000 வரை ரூ.10.70. இப்படிப் பார்த்தால் காருக்காக மட்டும் கூடுவது ஏறக்குறைய ரூ.4,750. அதே தூரத்துக்கு பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 18 என்றால் ரூ.22,000-க்கு மேல்!

மாட்டிக்கொள்ளும் இடம் எது?

டியாகோ இவி அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட பேட்டரி வாரன்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ, எது முதலில் வருகிறதோ அது. வருடம் 24,000 கி.மீ ஓட்டுபவருக்கு ஏழு வருடத்துக்குள் அது முடிந்துவிடும். சென்னைக்கு அடிக்கடி போகிறவர்கள், 24 யூனிட் பேட்டரி இதே கணக்கில் 190 கி.மீ தான் தரும் என்பதையும் மறக்கக்கூடாது.

யாருக்கு எது?

சொந்த வீடு, கார் நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக், தினசரி ஒரே ரூட்: எலெக்ட்ரிக். வாடகை வீடு, தெருவோர பார்க்கிங், மாதம் சில நூறு கி.மீ மட்டும்: ஏ.எம்.டி போதும்.

கார் ஓட்டும் லைசென்ஸே இரண்டுக்கும் செல்லும். ஆனால் பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடி பிரேக்கை மிதித்துவிடும். பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டும்தான்.

ஷோரூமுக்குக் கிளம்பும் முன் கடைசி இபி பில்லை எடுத்துப் பாருங்கள். விலைப்பட்டியலைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.