கரிசல் பட்டையின் வாக்குக் கணக்கு

1946இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பதவிக்காக ஜனநாயகக் கட்சி நடத்திய உட்கட்சித் தேர்தலில் ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு அதிக வாக்குகள் விழுந்தன. வென்றவர் யூஜீன் டால்மட்ஜ். இந்த முடிவுக்குக் கள்ள வாக்கு தேவைப்படவில்லை, சட்டமே போதுமானதாக இருந்தது. மாநிலத்தின் 159 கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மக்கள் மிகுந்த 8 கவுண்டிகளுக்குத் தலா 6 அலகு, அடுத்த 30க்குத் தலா 4, எஞ்சிய 121க்குத் தலா 2. ஒரு கவுண்டியில் முதலிடம் பிடிப்பவருக்கு அதன் அலகுகள் முழுவதும் போய்விடும். அலகு அதிகம் சேர்த்தவரே வேட்பாளர். அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டியை மூன்று பட்டிக்காட்டுக் கவுண்டிகள் சேர்ந்து சரிக்கட்டிவிடலாம். 1960 கணக்கெடுப்பின்படி ஃபுல்டனில் 5,56,326 பேர், எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். எக்கோல்ஸ்காரர் ஒருவருக்கு ஈடாக ஃபுல்டன்காரர்கள் 99 பேர் வேண்டும். உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று சொன்னது 1963இல்தான்.

அமெரிக்க அரசியல் என்றால் நம் நாளிதழ்களுக்கு வெள்ளை மாளிகைதான். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரைபடத்தில் சிவப்பும் நீலமும் பூசிவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறோம். ஆனால் வாக்காளர் பட்டியல், தொகுதி எல்லை, வாக்குச்சாவடி எல்லாம் அங்கே மாநிலங்களின் கையிலும் கவுண்டி அலுவலர்களின் கையிலும் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம் தேர்தல் நடத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. ஒருவருக்கு வாக்கு உண்டா இல்லையா என்பதே அவர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்திருந்த நாடு அது. அதனால்தான் மாநில அரசியலைப் பற்றிய ஒரு பழைய ஆய்வை இங்கே பேச விரும்புகிறோம்.

அந்த ஆய்வை எழுதிய அரசியல் அறிவியலாளர் வி. ஓ. கீ டெக்சஸ் மாநிலத்தவர். 1949இல் வெளிவந்த அவருடைய ‘சதர்ன் பாலிடிக்ஸ் இன் ஸ்டேட் அண்ட் நேஷன்’, உள்நாட்டுப் போரில் பிரிந்து போய்த் தோற்ற 11 தென்மாநிலங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தில் ராஸ்கோ மார்ட்டின் தொடங்கிய திட்டம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம். அலெக்சாண்டர் ஹேர்டும் டொனால்ட் ஸ்ட்ராங்கும் ஊர் ஊராகப் போய் எடுத்த நேர்காணல்கள் 538. கீ அவற்றோடு கவுண்டி வாரியான வாக்கு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, சதவீதம் போட்டு, வரைபடத்தில் நிழலடித்தார். இவ்வளவுதான் அவருடைய கருவிகள். இன்று எந்தக் கல்லூரி மாணவரும் செய்யக்கூடிய கணக்கு. செய்வதற்குப் பொறுமை வேண்டும், உள்ளூர்க்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அந்த வரைபடங்களில் ஒன்று 1946இல் அலபாமா ஆளுநர் பதவிக்கு நின்ற ஜேம்ஸ் ஃபோல்சமின் வாக்குகளைக் காட்டுகிறது. அவர் பிறந்த காஃபி கவுண்டியும், குடியேறி வாழ்ந்த கல்மன் கவுண்டியும் கறுத்துத் தெரிகின்றன. சொந்த ஊர்க்காரர், அக்கம்பக்கத்தார் வாக்கு அது. ஒரே கட்சி ஆளும் மாநிலத்தில் வாக்காளரிடம் கொள்கைக்கு வேலை இல்லாதபோது ஊர்ப்பாசம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று கீ கண்டார். தேர்தலுக்குத் தேர்தல் கோஷ்டிகள் கலைந்து வேறு பெயரில் கூடும். போன ஆட்சியின் குற்றத்துக்கு யாரைப் பிடித்துக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியாது. பணக்காரருக்கு இதனால் நட்டமில்லை, ஏனெனில் எதுவும் மாறாமல் இருந்தாலே அவர்களுக்குப் போதும். ஏழைக்குத்தான் பெயர் மாறாத, நாளைக்கும் அதே இடத்தில் நிற்கிற ஒரு கட்சி தேவை. அரசியல் ஆய்வுகளில் நமக்குத் தெரிந்தவரை இதைவிடக் கூர்மையாக ஏழையின் பக்கமிருந்து கட்சி என்ற அமைப்பை நியாயப்படுத்திய வாதம் குறைவு.

இன்னொரு கண்டுபிடிப்பு மண்ணோடு சேர்ந்தது. அலபாமா, மிசிசிப்பி வழியாக ஓடும் கரிய நிலப்பட்டையை ‘பிளாக் பெல்ட்’ என்பார்கள். நம் பேச்சில் கரிசல் பட்டை. அந்த மண்ணில் பருத்தி விளைந்தது, பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள், விடுதலைக்குப் பின்னும் கறுப்பின மக்கள் அங்கே பெருந்தொகையினராக இருந்தார்கள். தென்மாநில அரசியலை இறுகப் பிடித்து வைத்திருந்தவர்கள் இந்தப் பட்டையில் சிறுபான்மையாக வாழ்ந்த வெள்ளைப் பண்ணையார்களே என்றார் கீ. மிசிசிப்பியின் 1890 அரசியல் சட்டமும், எழுத்தறிவுத் தேர்வும், வாக்குவரியும் அவர்களுடைய அச்சத்தில் பிறந்தவை. அலபாமாவில் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரி. கட்டாமல் விட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து 36 டாலர் வரை நிலுவை ஏறும். கறுப்பினத்தவரைத் தடுக்கப் போட்ட அந்த வேலி குன்றுப்புறத்து ஏழை வெள்ளையரையும் வெளியே நிறுத்திவிட்டது.

இத்தனை இருந்தும் அந்தப் புத்தகத்தில் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. கறுப்பின மக்கள் அதில் வெள்ளையர் அரசியல் சுற்றிவரும் அச்சாக இருக்கிறார்கள், அரசியல் செய்பவர்களாக வருவது அரிது. அதே தெற்கில் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஒருவர் வேறு விதமாகக் கேள்வி கேட்டிருந்தார். ரால்ஃப் பஞ்ச், ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய குன்னர் மிர்தாலின் பெரும் ஆய்வுக்காக 1939-40இல் அவர் களப்பணியாளர்களைத் தெற்கே அனுப்பினார். பின்னாளில் ஆவணப்படக்காரராகப் பெயர் பெற்ற ஜார்ஜ் ஸ்டோனி அவர்களில் ஒருவர். பட்டியலில் பெயர் எழுதும் அலுவலரிடமும் பேசினார்கள், எழுதப்படாதவரிடமும் பேசினார்கள். வெள்ளையர் ஒருவர் சிபாரிசு செய்தால்தான் கறுப்பினத்தவர் பெயரைச் சேர்ப்போம் என்று நடந்த இடங்கள் இருந்தன. பஞ்சுக்கு 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் இறந்தார். அந்தக் களப்பணியை வைத்து அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி நூலாக வந்தது 1973இல். கீயின் நூல் பாடமாகிவிட்டிருந்த அந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் இது கோப்பிலேயே கிடந்தது. ஆய்வுலகம் யாருடைய குரலை முதலில் அச்சிடுகிறது என்பதற்கு இதைவிட வேதனையான சான்றை நாம் தேட வேண்டியதில்லை.

கீயின் எதிர்பார்ப்பு ஒன்றும் பொய்த்தது. நகரங்களும் தொழிற்சாலைகளும் வளர, தெற்கில் இரண்டு கட்சிகள் வரும், ஏழை ஒருபுறமும் செல்வர் மறுபுறமுமாகப் பிரிவார்கள் என்று அவர் நம்பினார். 1963இல் தம் 55ஆம் வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு மிசிசிப்பியில் குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர் 87 சதவீத வாக்குப் பெற்றார். குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் அவர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பி கறுப்பினத்தவரில் 7 சதவீதம்கூட இல்லாத வாக்காளர் பதிவு இரண்டே ஆண்டுகளில் 60 சதவீதத்தை நெருங்கியது. இரண்டாவது கட்சியும் வந்தது. பிரிவினை வர்க்கத்தில் விழவில்லை, நிறத்தில் விழுந்தது.

2018இல் ஆச்சார்யா, பிளாக்வெல், சென் ஆகிய மூவர் வெளியிட்ட ‘டீப் ரூட்ஸ்’ 1860இல் அடிமைகள் மிகுந்திருந்த கவுண்டிகளில் இன்றும் வெள்ளையரின் அரசியல் மனநிலை வேறாக இருப்பதைக் காட்டியது. பென்சிலால் நிழலடித்த வரைபடம் புள்ளியியலிலும் நின்றது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், சில இடங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற வாக்குரிமைச் சட்டத்தின் முன்அனுமதி ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்திருந்தது. எந்தெந்த இடங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று வகுத்த அளவுகோல் பழையதாகிவிட்டது என்பது தீர்ப்பின் காரணம். அந்த மண்ணை அறிந்தவர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

கீ முனைவர் பட்டம் பெற்றது சிகாகோ பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தில் 1972இல் பட்டம் பெற்றவர் மார்கரீட் ராஸ் பார்னெட். 1942இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பெண். திராவிட முன்னேற்றக் கழகத்தைப் பற்றி 1976இல் அவர் வெளியிட்ட நூலைத் தமிழக அரசியலைப் படிப்பவர்கள் அறிவார்கள். வர்ஜீனியாவின் வாக்குவரியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1966இல். அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் பார்னெட் தமிழ்நாட்டில் இருந்தார், கட்சிக்காரர்களிடம் அவர்கள் ஏன் அந்தக் கட்சியில் சேர்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு.