திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறமா?



போன மாதம் தங்கை வீட்டில் நடந்த சங்கதி இது. எங்கள் உம்மாவின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தங்கையின் கல்யாணத்தன்று, இளம் பச்சைச் சாரியும் முக்காடுமாக உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. அது மங்கிக்கொண்டே போவதைக் கண்டு, தங்கையின் மகள் அதை ஸ்கேன் பண்ணி, இரண்டு இரவு கண்விழித்துக் கம்பியூட்டரில் திருத்தினாள். திரையில் உம்மா உயிரோடு இருப்பது போலவே இருந்தது. பிரின்டரில் அடித்ததும் பச்சைச் சாரி நீலமாகி, உம்மாவின் முகம் கறுத்துக் கிடந்தது. "இது என்ட உம்மா இல்ல" என்று தங்கை தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"பிரின்டர் பழுதா பெரியம்மா?" என்று பிள்ளை கேட்டாள். பழுதில்லை. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. பிரின்டரோ இளநீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறம் காட்டுகிறது. ஒன்று விளக்கு, மற்றது சாயம். இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். 1996இல் முன்வைக்கப்பட்டு 1999இல் சர்வதேசத் தரமான எஸ்.ஆர்.ஜீ.பீ. அப்படியோர் அளவு.

முதலில் திரையைச் சரிசெய்தோம். பிள்ளை இராவில் வேலை செய்ததால், கண் கூசாதிருக்கத் திரையை மஞ்சளாக்கும் இரவு அமைப்பு போட்டிருந்தது. அந்த மஞ்சளை மாற்ற இவள் படத்தில் நீலத்தைக் கூட்டியிருக்கிறாள். வெளிச்சமும் உச்சத்தில் இருந்ததால் படத்தை இருட்டாக்கிவிட்டாள். குற்றம் அங்கேதான்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். திரையைப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். இரவு அமைப்பை நிறுத்துங்கள். வெளிச்சம் திரையில் நேரே விழாதபடி இருங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிடக் கூசாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளையின் சாயலை 6500 கெல்வினிலும், காமாவை 2.2இலும் வையுங்கள். விண்டோஸிலேயே இதற்கு ஒரு கலிபிரேஷன் வசதி உண்டு. படங்கள் அடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கும் சகோதரிகள், திரையில் வைத்து நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவி ஒன்றை வாங்கினால் நல்லது. கண் பழகிப்போய் ஏமாறும். கருவி அப்படி ஏமாறாது.

அடுத்தது பிரின்டர். மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்று சோதனைத் தாள் ஒன்று அடித்துப் பாருங்கள். பளபளப்புத் தாளை வைத்துவிட்டுச் சாதாரண தாள் என்று தெரிவுசெய்யாதீர்கள். மையின் அளவு மாறிவிடும். அந்தத் தாளுக்கும் மைக்கும் உரிய ஐ.சீ.சீ. புரொஃபைல் கிடைத்தால் அதைப் போடுங்கள். நிறத்தைக் கவனிக்கும் பொறுப்பைப் படம் திருத்தும் மென்பொருளிடம் கொடுத்தால், பிரின்டரின் நிறத்திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். ஒரே கறிக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாதல்லவா?

முழுப்படத்தையும் அடித்து மையை வீணாக்காமல், முகமும் சாரியும் வரும் ஒரு துண்டை மட்டும் முதலில் அடியுங்கள். மை நன்றாகக் காய்ந்தபின், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாம் சரியாகச் செய்தாலும், திரையில் ஒளிரும் சில கடும் நிறங்கள் மையில் அதே மாதிரி வராது. அது யாருடைய பிழையுமல்ல.

பிள்ளை முதல் ஸ்கேனைத் தனியாக வைத்திருந்தது நல்லதாயிற்று. அதிலிருந்து மறுபடி தொடங்கினாள். மங்கிய படத்தை நம்பி நிறம் பிடிக்க முடியாதே! ஆனால் உம்மாவின் அந்தச் சாரி தங்கையின் அலுமாரியில் இன்னும் இருக்கிறது. அதை எடுத்து ஜன்னலோரம் விரித்து, அடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது துண்டில் பச்சை பச்சையோடு சேர்ந்தது, முகமும் தெளிந்தது.

தங்கை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கும் ஒன்று, ராத்தாவுக்கும் ஒன்று அடி மகள்."