மாத்திரை ஒன்று, பலன் இரண்டு

மழைக்காலம் பிறந்துவிட்டால் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் காய்ச்சலும் இருமலும் எட்டிப் பாராத வீடு அரிது. அப்போது நம்மவர் பலர், முன்பு ஒருவருக்குக் குணமளித்த மருந்துச் சீட்டையே எடுத்துக்கொண்டு கடைக்கு விரைகின்றனர். அச்சீட்டில் ஸ்டீராய்டு இருக்குமாயின் நேரக்கூடிய தீங்கை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸ்டீராய்டு தீய மருந்தன்று. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, அந்நோயில் உயிர் காக்குமென நிரூபிக்கப்பெற்ற மருந்து ஒன்றும் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தில் நடந்த 'ரிகவரி' ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. மலிவான பழைய மருந்தாகிய டெக்ஸாமெத்தசோன், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாள் வரை அளிக்கப்பட்டது. சுவாசக் கருவியில் இருந்தோருள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். இம்மருந்தையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேரே இறந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடையேயும் மரணம் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ யாதொரு பயனும் காணப்படவில்லை.

இதன் காரணம் எளிது. முதற் சில நாட்களில் கிருமி பெருகும். உடலின் காவற்படை அதனை எதிர்க்கும். சிலருக்கு ஒரு வாரமளவில் அப்படையே வரம்பு மீறி நுரையீரலைப் புண்படுத்தும். அவ்வெழுச்சியையே ஸ்டீராய்டு அடக்குகிறது. முன்னதாகவே கொடுப்பது, போராடும் படையின் கைகளைக் கட்டுவதாகும். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறும். 2021இல் நம் நாட்டில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியும் முறையற்ற ஸ்டீராய்டு உபயோகமும் முக்கியக் காரணங்களென மருத்துவர்கள் எச்சரித்தனர். அந்நோயால் கண்ணை இழந்தோரும் உயிரை இழந்தோரும் பலர்.

ரெயில் வண்டியின் அபாயச் சங்கிலி ஆபத்தில் உயிர் காக்கும்; அவசியமின்றி இழுத்தால் எல்லோர்க்கும் இடையூறு. இம்மருந்தும் அத்தகையதே.

ஆகவே, ஒருவர் சீட்டில் மற்றவர்க்கு மருந்து வாங்குதல் வேண்டா. சர்க்கரை வியாதியுள்ளோர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுக. வேறு நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு உண்போர் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. மூச்சுத் திணறினாலோ, விரலில் மாட்டும் கருவி 94க்குக் குறைவாகக் காட்டினாலோ, கடையை நாடாது, இரவாயினும் சயான் ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்க. காலத்தில் சென்றோர்க்கே இம்மருந்து துணையாகும்.