எழுவதும் எழுப்பப்படுவதும்

முனைவர் பட்ட ஆய்வேடு எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் படிப்பது நன்றியுரைப் பக்கத்தைத்தான். நெறியாளரின் சிவப்பு மை படாத பக்கம் பெரும்பாலும் அது ஒன்றே. திருமணமான ஆண்கள் எழுதிய நன்றியுரைகளில் ஒரு செய்தி சிறுசிறு சொல்மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன்: இரவு பகல் பாராது குழந்தையைக் கவனித்துக்கொண்டு, என் எழுத்துப் பணிக்கு இடையூறு நேராமல் காத்த மனைவிக்கு நன்றி. பெண்கள் எழுதியவற்றில் அதே இடத்தில் வேறொரு செய்தி: திருமணத்திற்குப் பின்னும் படிக்க அனுமதித்த கணவருக்கும் புகுந்த வீட்டாருக்கும் நன்றி. ஒருவர் உழைப்புக்கு நன்றி சொல்கிறார். மற்றவர் அனுமதிக்கு நன்றி சொல்கிறார். முதல் நன்றியுரையில் வரும் அந்த ‘இரவு’ யாருடைய இரவு என்பதே இப்பதிவின் கேள்வி.

இக்கேள்வி அற்பமானது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. பராமரிப்பு உழைப்பு, பாலினப் பகுப்பு என்றெல்லாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். பேசி முடித்து வீடு திரும்பிய பின், நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டழும்போது யார் எழுகிறார் என்று கேட்டால், அது அவரவர் குடும்ப விவகாரம் என்கிறோம். நானும் என் இணையரும் தில்லியில் ஆய்வு மாணவர்கள். எங்கள் குழந்தைக்குப் பதினான்கு மாதம். உற்றார் அனைவரும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். எங்களைப் போன்றோரை இந்தியாவின் எந்தப் பெரிய பல்கலைக்கழக வளாகத்திலும் பார்க்கலாம். அவர்களுள் யாருடைய ஆய்வேடு முடிகிறது, யாருடையது ‘குடும்பச் சூழலால்’ நின்றுபோகிறது என்பதைப் பல வீடுகளில் அந்த இரண்டு மணிதான் தீர்மானிக்கிறது. ஆகவே இது குடும்ப விவகாரம் மட்டுமன்று, கல்வி விவகாரம்.

மொழியிலிருந்து தொடங்குகிறேன், நான் கற்ற துறை அதுவே. தமிழில் ‘எழு’ என்பது தன்வினை. ‘எழுப்பு’ என்பது பிறவினை. குழந்தை அழுததும் அம்மா எழுந்தாள் என்போம். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, அம்மா அப்பாவை எழுப்பினாள் என்போம். இரண்டாம் வாக்கியத்தில் அப்பாவும் எழுந்துதான் இருக்கிறார். ஆனால் அவர் செயப்படுபொருள். எழுவாய் அப்போதும் அம்மாவே. அவர் எழுவதற்கு முன் அவள் எழுந்திருக்க வேண்டும். நேற்றும் எழுப்பினோமே, நாளை அவருக்குக் கூட்டம் இருக்கிறதே என்று எடைபோட்டிருக்க வேண்டும். முகம் சுளிப்பாரோ என்று தயங்கியிருக்க வேண்டும். ‘கூப்பிட்டிருந்தால் நான் எழுந்திருப்பேனே’ என்று காலையில் சொல்லும் கணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கூப்பிடுவதும் ஒரு வேலை என்பதையும், அந்த வேலை நிரந்தரமாக ஒருவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவ்வாக்கியம் மறைத்துவிடுகிறது. ‘உதவி’ என்ற சொல்லும் இப்படித்தான். பிறருடைய வேலையில்தான் ஒருவர் உதவ முடியும். தன் குழந்தைக்குத் துணி மாற்றும் தந்தையை ‘மனைவிக்கு உதவுகிறவர்’ என்று பாராட்டும்போது, குழந்தை யாருடைய பொறுப்பு என்பதையும் சேர்த்தே அறிவித்துவிடுகிறோம்.

எண்களைக் கேட்போருக்கு எண்களும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டனர், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 140 நிமிடம். ஆண்கள் 74 நிமிடம். இந்த இடைவெளி ஒன்றே போதுமான குற்றப்பத்திரிகை. ஆனால் என் கவனத்தை ஈர்ப்பது கணக்கெடுக்கும் முறை. காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு மணி வரையிலான பொழுதை அரைமணி அரைமணியாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமோ அதற்கு மேலோ நீடித்த செயல்களைப் பதிவு செய்கிறார்கள். பகல் வேலைகளுக்கு இம்முறை பொருந்தலாம். இரவுக்கு? ஏழு நிமிடம் தட்டிக்கொடுத்தல், ஐந்து நிமிடம் ஈரத்துணி மாற்றுதல், மூன்று நிமிடம் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தல் என ஓர் இரவில் ஆறு முறை எழுந்தவளும் அக்கணக்கில் இரவு முழுவதும் உறங்கியவளாகவே பதிவாகக்கூடும். கணக்கில் வராத உழைப்பு என்று எழுதுகிறோமே, அதற்குள்ளும் கணக்கில் வராத ஓர் உள்ளறை இருக்கிறது.

அந்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தாலும் இழப்பு விளங்காது. ஆறு முறை ஐந்து நிமிடம் எழுந்தால் அரைமணிதானே போயிற்று என்பது கூட்டல் கணக்கு. உடல் அப்படிக் கணக்கிடுவதில்லை. உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுழற்சிகளாக நிகழ்வது. நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து அது தொடர்வதில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் இடையிடையே எழுப்பப்பட்ட மாணவர்களின் கவனமும் மனநிலையும், நான்கு மணி நேரமே உறங்கவிடப்பட்டவர்களுடையதைப் போலவே குலைந்திருந்தன. அது ஒரே ஓர் இரவின் விளைவு. ஈராண்டு தொடரும் அத்தகைய இரவுகளை ஆய்வில் பங்கேற்பவர்மீது சுமத்த எந்த அறநெறிக் குழுவும் இடந்தராது, வீடு இடந்தருகிறது.

இனி மறுப்புகள். பால் தாயிடம் இருக்கும்போது தந்தை என்ன செய்வார் என்பது முதல் மறுப்பு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் பாலூட்டுதல் இரவுப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. அழும் குழந்தையைத் தூக்கி வருவது, பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தூளியில் இட்டு ஆட்டுவது, மறுபடி சிணுங்கினால் மறுபடி ஆட்டுவது ஆகியவற்றுக்குத் தாய்மார்பு தேவையில்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை பருப்புச்சோறு உண்ணத் தொடங்கிவிடுகிறது; இந்த வாதம் மட்டும் குழந்தை பள்ளிக்குப் போகும் வரை பால்குடி மறப்பதில்லை.

‘அவளுக்குத்தான் காது கேட்கிறது, எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது’ என்பது இரண்டாவது. இதே மனிதர் அதிகாலை ரயிலுக்கு வைத்த அலாரத்தின் முதல் மணிக்கே எழுகிறார். தாய்க்கு இயற்கை தந்த தனிச்செவி இருக்கிறது என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. தம் குழந்தையின் அழுகையைப் பிற குழந்தைகளின் அழுகையிலிருந்து பிரித்தறிவதில் தாயரும் தந்தையரும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை 2013இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. வேறுபாட்டைத் தீர்மானித்தது பாலினம் அன்று. நாள்தோறும் குழந்தையோடு செலவிட்ட நேரம். நாளுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் குழந்தையோடு இருந்த தந்தையர் தாயருக்கு நிகராகவே அறிந்துகொண்டனர். செவி பழக்கத்தால் கூர்மையாகிறது. பழகாத செவியை இயற்கையின் கணக்கில் எழுதுவது வசதியான அறிவியல்.

மூன்றாவது மறுப்பே வலியது: காலையில் அவருக்கு வேலை இருக்கிறது. காலையில் வேலை இல்லாதவர் யார்? வீட்டிலிருக்கும் தாயும் விடிந்ததும் அடுப்பருகே நிற்கிறாள். நடை பழகும் குழந்தையை நாள் முழுவதும் கண்ணிமைக்காமல் காக்கிறாள். இரவுப்பணி, ஓட்டுநர் பணி போன்றவற்றில் இருப்போரின் நிலை வேறு. அங்கே பங்கீடும் வேறாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ‘காலையில் வேலை’ யாருக்கு உண்டு என்பதை முடிவு செய்வது இயற்கையன்று, விடுப்பு விதிகள். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. நடுவண் அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். அது பெண் ஊழியருக்கும், துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் மட்டுமே. அதாவது, மனைவி உடன் இல்லாதபோதுதான் ஓர் ஆண் குழந்தையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று விதியே கருதுகிறது. நம் உலகத்திற்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தர இடமளிக்கின்றன. தந்தையாகிய ஆய்வு மாணவருக்கு அவற்றில் இணையான இடமில்லை.

பெண்களுக்குரிய இவ்விடுப்புகளில் ஒரு நாளும் குறையக் கூடாது. அவை பெற்றவை அல்ல, போராடிப் பெற்றவை. ஆனால் ஒருவருக்கு மட்டும் விடுப்பு தரும் விதி, மற்றவருக்கு ‘காலையில் வேலை’யை உண்டாக்குகிறது; காலையில் வேலை உள்ளவர் இரவில் உறங்குகிறார்; உறங்குகிறவர் ஆய்வேட்டை முடிக்கிறார். பல்கலைக்கழகம் படுக்கையறைக்குள் எப்படி நுழைய முடியும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஏற்கெனவே உள்ளே வந்து, தூளியருகே நின்று, யார் எழ வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருக்கிறது.

‘அந்தக் காலத்தில் இப்படியா அலுத்துக்கொண்டார்கள்?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். அக்காலத்தில் இரவுகள் எளிதாக இருக்கவில்லை, பெண்களுக்குள்ளேயே பங்கிடப்பட்டன. தாய்வீட்டில் மகப்பேறு பார்க்கும் வழக்கத்தில் மகளின் தூக்கத்தைத் தாய் ஈடு செய்தாள். தந்தை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையோடு ஒரே கூரையின்கீழ் உறங்கத் தொடங்கினார். அதற்குள் மனைவி தேர்ந்த கைக்காரியாகிவிட்டிருந்தாள், அவர் கற்றுக்குட்டி. ‘உங்களுக்குத் தெரியாது, விடுங்கள்’ என்று அவள் சொன்ன முதல் நாளில் உறுதியான ஏற்பாடு பிறகு மாறவே இல்லை. இன்று ஆயா அமர்த்த முடிந்தவர்கள் அதே சுமையை இன்னொரு பெண்ணிடம் மாற்றுகிறார்கள். அவளுடைய குழந்தைக்கு இரவில் யார் எழுகிறார் என்று கேட்பதில்லை. 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகையில் தில்லியில் வாடகை கொடுப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. நிகர்நிலைத் தீர்வு வீட்டுக்குள் இருக்கும் இருவரிடமிருந்தே வர வேண்டும்.

நம் மரபு இதற்கு எதிரானது என்று சொல்வோர் மரபைச் சரியாகப் படிக்கட்டும். பெரியாழ்வார் யசோதையின் குரலில் கண்ணனைத் தாலாட்டினார். குலசேகராழ்வார் இராமனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவம் பாடிய புலவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆயிரம் ஆண்டுகளாகத் தாலாட்டு எழுதத் தெரிந்தவர்களுக்குத் தூளிக்கயிற்றைப் பிடிக்க மட்டும் தெரியாதா? தால் என்றால் நாக்கு. அது ஆணுக்கும் உண்டு.

அப்படியானால் நியாயமான பங்கீடு எது? ஒன்றுவிட்டு ஒன்று எழுவதன்று. அதில் இருவர் உறக்கமும் அறுபடும். எழுந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்துக் காலையில் வழக்காடுவதும் அன்று. பங்கிட வேண்டியது விழிப்பின் பொறுப்பை. எங்கள் வீட்டில் இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர். இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். தன் முறையில் இருப்பவரே குழந்தையின் பக்கத்தில் படுப்பார். அழுகை, பசி, ஈரம், காய்ச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவரை எழுப்புவதில்லை. தாலாட்டு சுருதி பிசகினால் பிசகட்டும். துணி கோணலாகக் கட்டப்பட்டால் கட்டப்படட்டும். ஒற்றையறை வீட்டிலும் இது நடக்கும். மாற வேண்டியது அறையன்று, குழந்தையின் பக்கத்தில் படுப்பவர். பேறுகாலத் தையல் ஆறாத முதல் வாரங்களில் தாய்க்குக் கூடுதல் உறக்கம் சேர வேண்டும். அளவுகோல் ஒன்றே: வாரத்தின் முடிவில் இருவருக்கும் அறுபடாத உறக்கம் ஏறத்தாழ ஒரே அளவில் கிடைத்ததா?

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. ஆய்வு மாணவராகிய தந்தைக்கும் பராமரிப்பு விடுப்பு வேண்டும். அது தாயின் விடுப்பிலிருந்து கழிக்கப்படாததாக, தந்தை எடுக்காவிட்டால் காலாவதியாவதாக இருக்க வேண்டும். 730 நாள் விதியிலிருந்து ‘துணையின்றி’ என்ற தகுதி நீங்க வேண்டும். தனித்துக் குழந்தை வளர்ப்போருக்கு இரவைப் பகிர ஆளில்லை. வளாகக் குழந்தைகள் காப்பகமும் நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவும் அவர்களுக்கு முதலில் சேர வேண்டும். விடுப்பு கோரும் தந்தையைப் பார்த்து, ‘வீட்டில் ஆள் இல்லையா?’ என்று சிரிக்கும் துறைத்தலைவர்கள் அந்தச் சிரிப்பை விட வேண்டும்.

விதிகள் மாறக் காலம் பிடிக்கும். இன்றிரவு அவ்வளவு காலம் காத்திருக்காது. பெண்ணியக் கோட்பாடுகளை மேற்கோள் காட்டாமல் ஒரு பக்கமும் எழுதாத தோழர்கள் நம் துறைகளில் நிறைய இருக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள அத்தகைய தோழரை அடுத்த கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் சந்தித்தால், கட்டுரையைப் பாராட்டிவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: நேற்றிரவு நீங்கள் எழுந்தீர்களா, எழுப்பப்பட்டீர்களா?