ஓருடலில் இரு பகைவர்

க்ஷயரோகம் ஏழையின் வியாதி, நீரிழிவு செல்வந்தரின் வியாதி என்று நம் ஜனங்கள் நெடுங்காலமாய் எண்ணி வந்திருக்கின்றனர். அவ்வெண்ணம் இனிச் செல்லாது. நூற்பாலையிலும், பனியன் கம்பெனியிலும், வார்ப்படப் பட்டறையிலும் உழைத்துண்ணும் கொங்கு நாட்டுத் தொழிலாளியை இவ்விரண்டும் ஒருங்கே பற்றக் கூடும்.

இவற்றின் உறவு புதியதன்று. 1921-ல் இன்ஸுலின் கண்டறியப்படுமுன், நீரிழிவுற்றோர் பலர் க்ஷயத்தாலேயே மாண்டனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குன்றுகிறது. உடலில் உறங்கிக் கிடக்கும் க்ஷயக் கிருமி விழித்தெழுகிறது. நீரிழிவுள்ளோருக்கு இந்த அபாயம் ஏனையோரைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்பது வைத்திய நிபுணர்களின் முடிவு. க்ஷயமும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது. அதற்குரிய ரிஃபாம்பிஸின் மருந்தோ, நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் வலுவைக் குறைக்கிறது. ஆகவே, ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்கும் சிகிச்சை அரைகுறைச் சிகிச்சையேயாகும்.

இது வெறும் அச்சமன்று. தமிழ்நாட்டில் க்ஷய நோயாளிகள் 827 பேரைச் சோதித்து 2012-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய அதே அளவினர் நீரிழிவின் வாயிலில் நின்றனர்.

பெருந்துறை சானடோரியத்தை நாடி க்ஷயரோகிகள் சென்ற காலம் ஒன்றிருந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதைச் சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி உலகுக்கு மெய்ப்பித்தது. தமிழகம் பெருமை கொள்ளத்தக்க சாதனை அது. ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காதிருப்பின் அம்மருந்தின் பயனும் குறையும். நோய் திரும்புவதும் மரணமும் அதிகம்.

இரு வியாதிகளையும் சேர்த்தே கவனிப்பதற்கென 2017-ல் இந்திய சர்க்கார் திட்டம் வகுத்தது. க்ஷய நோயாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். ஏட்டிலுள்ள இவ்விதி கிராமத்துச் சுகாதார நிலையம் வரை வழுவாது நடைபெறல் வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரைகளை வீடுதேடிக் கொணர்கின்றனர். இரண்டு வாரமாய் இருமல் உண்டா என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பார்களாயின், செலவின்றியே பல உயிர்கள் காக்கப்படும்.

ஜனங்களுக்கும் ஒரு கடமையுண்டு. உடல் மெலிந்தால் சர்க்கரையின் வேலைதான் என்று வாளாவிருத்தல் பிழை. மெலிவு க்ஷயத்துக்கும் அறிகுறியே. வேலை போய்விடும், பெண்ணின் விவாகம் தடைப்படும் என்றஞ்சி நோயை மறைப்போர் பலர். அவ்வச்சத்தைப் போக்கும் பொறுப்பு ஆலை முதலாளிகளுடையது. சிகிச்சைக் காலத்தில் வேலையைக் காத்தளிப்பது தருமம் மட்டுமன்று. தொழிலாளி மறைத்த நோய் ஆலை முழுவதும் பரவுமாதலால், அது அவர்தம் சுயநலமுமாகும். கொங்கு நாட்டின் செல்வம் தொழிலாளியின் தேகபலத்தில் விளைந்தது. அதைக் காப்பதில் இனியும் தாமதம் ஆகாது.