துப்பட்டா பாஸ், மாணவி ஃபெயில்

அந்தப் படத்தில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கல்லூரி வாசலில் மேசை போட்டு ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதில் கமிட்டி அம்மா ஒருவர் இஞ்ச் டேப்பால் மாணவியின் துப்பட்டாவை அளக்கிறார். மூன்றாவதில் அறிவிப்புப் பலகை: துப்பட்டா பாஸ், மாணவி ஃபெயில்.

வரைந்தவள் தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து படித்த பெண். தென்சென்னைப் புறநகரில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியின் ஆண்டு மலருக்குக் கொடுத்திருந்தாள். அதை நீக்கிய குழுவில் நானும் இருந்தேன். "கருத்து இருக்கட்டும், படமே சுமார்தான். மனுஷங்க எல்லாம் குச்சி குச்சியா இருக்காங்க" என்றார் ஒருவர். நான் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு மார்கழிக் கோலம் அச்சானது.

குச்சி மனிதர்கள் என்கிற அந்தக் குற்றச்சாட்டை இப்போதாவது பேசிவிடுகிறேன். பெங்களூருவைச் சேர்ந்த ரசிதா தனேஜா 2014 முதல் 'சானிட்டரி பேனல்ஸ்' என்ற பெயரில் வரைவதெல்லாம் குச்சி மனிதர்கள்தான். வட்டத் தலை, கோட்டுக் கைகால். பத்திரிகை வேலை கிடையாது, திருத்த ஆசிரியர் கிடையாது. சமூக ஊடகத்தில் அவரே போடுகிறார். உச்ச நீதிமன்றத்தைக் கேலி செய்த படங்களுக்காக அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க 2020 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் கொடுத்தார். 2024இல் கார்ட்டூன் துணிச்சலுக்காக கோஃபி அன்னான் பெயரில் தரப்படும் விருதை ஹாங்காங்கின் ஸுன்ஸியோடு சேர்ந்து பெற்றார். சுமாரான கோட்டைக் கண்டு ஓர் அரசு இவ்வளவு பதறுமா? கோடு சரியில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் கோட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தமிழில் கேலிச்சித்திரத்துக்கு நல்ல பரம்பரை உண்டு. மாலி, கோபுலு, மதன் என்று பெயர்கள் தாமாகவே வந்து விழும். நானும் அவற்றைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள்தான். பூரிக்கட்டை மனைவி, வாயாடி மாமியார், மேனாமினுக்கி ஸ்டெனோ என்று கட்டத்துக்குள் பெண்கள் நிறைய இருந்தார்கள். பேனா பிடித்த பெண் ஒருத்தியின் பெயரை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மௌனம்தான் பதில். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாளில் விடுவித்தார்கள். 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிய படம் அது. இரண்டையும் கருத்துரிமைப் பாடத்தில் நடத்துகிறோம், நடத்தவும் வேண்டும். ஆனால் துப்பட்டாவை வரைந்தவளின் விஷயம் எங்கள் குழுவில் 'ஒழுங்கு' என்ற தலைப்பின்கீழ்தான் வந்தது.

கோலத்துக்கும் அந்தச் சலுகை நிலையானதல்ல. 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்ட பெண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. புள்ளி வைக்கலாம், பூப்போடலாம். ஒரு வாசகம் எழுதினால் வேன் வந்துவிடும்.

அமெரிக்காவில் அறுபதுகளில் 'அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்' வந்தது. தணிக்கை முத்திரை இல்லாமல், பெரிய கம்பெனி இல்லாமல், மனதில் பட்டதை வரையும் கூட்டம். அங்கேயும் ஆண்கள் தங்கள் தொகுப்புகளில் பெண்களுக்கு இடம் தரவில்லை. ட்ரினா ராபின்ஸ் 1970இல் பெண்களே வரைந்த ஒரு காமிக்ஸைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. தலைமறைவு இயக்கத்துக்கும் வாசலில் ஒரு கமிட்டி!

அனிமேஷனுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மாணவி அங்கேதான் போனாள். மும்பையின் கீதாஞ்சலி ராவ் ஏறக்குறையத் தனியாளாக, கையாலேயே தீட்டி உருவாக்கிய 'பிரின்டட் ரெயின்போ' என்ற 15 நிமிடப் படம் 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசு பெற்றது. ஒரு கிழவி, ஒரு பூனை, தீப்பெட்டிகள். மேலட்டைப் படங்களுக்குள் நுழைந்து அந்தக் கிழவி தன் தனிமையிலிருந்து தப்பிக்கிறாள். பார்க்கும்போது எனக்கு சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் பள்ளிக்குப் போகாமல் அந்த லேபிள்களை ஒட்டிய சிறுமிகள் நினைவுக்கு வந்தார்கள். அது படத்தின் குறையல்ல, என் ஊர்ப்பக்கத்து ஞாபகம். அவருடைய முதல் முழுநீளப் படமான 'பாம்பே ரோஸ்' 2019இல்தான் வெனிஸில் திரையிடப்பட்டது. கான் பரிசு வாங்கியவருக்கே 13 ஆண்டுகள். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு 13 ஆண்டு அவகாசம் எதற்கெல்லாம் தரப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் மாணவி இப்போது ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ரோட்டோ வேலை பார்க்கிறாள். படம்பிடித்த காட்சியில் ஆளின் உருவத்தைச் சுற்றிக் கோடிழுத்துப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். "ஹீரோவோட தலைமுடியத்தான் மேம் ரெண்டு வாரமா வரைஞ்சுட்டிருக்கேன்" என்றாள் போனில். வரையத் தெரியாதவள் என்று நாங்கள் தள்ளிய கை.

பெண்ணியப் பதிப்பகங்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அட்டைப் படத்துக்கு மட்டும் ஓவியத் தோழியைக் கூப்பிடுகிறோம், அதுவும் நட்புக்காக, சும்மா. கட்டுரைக்கு ஒதுக்குகிற பக்கங்களில் நான்கை கேலிச்சித்திரத்துக்கு ஒதுக்குங்கள், பணம் கொடுங்கள், திருத்தாதீர்கள்.

போனை வைக்கும் முன் அந்தப் படத்தின் ஒரிஜினல் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். தேடினேன், இல்லை. போன வாரம் அவளே திரும்ப வரைந்து அனுப்பினாள். கமிட்டி மேசையில் இப்போது ஓர் ஆள் கூடுதல்: கண்ணாடி போட்ட ஒரு குச்சி அம்மா, தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.