சிரிப்புக்கு எத்தனை கோடுகள்?

பழைய அமெரிக்க ஹாஸ்யத் தொடர் ஒன்று ப்ளூரே தட்டில் புதுப்பொலிவுடன் வெளிவருகிறது என்ற செய்தி காதில் விழும்போதெல்லாம், 25 நிமிஷ நேரம் ஒரே வரவேற்பறையில் ஒரே சோபாவைச் சுற்றி நடக்கும் கூத்துக்கு 1080 கோடுகள் கொண்ட துல்லியம் எதற்கு என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு; வசனம் காதில் விழுந்தால் சிரிப்பு தானே வரும் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குரிய விடையை ரசிகர்களின் ருசிபேதத்தில் தேடுவதைவிட, குறிப்பிட்ட ஒரு தொடர் பிலிமில் பதிவாயிற்றா, வீடியோ டேப்பில் பதிவாயிற்றா என்ற சரித்திரத்தில் தேடுவதே உசிதம் என்று எனக்குப் படுகிறது.

1951-ஆம் வருஷம் அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ இந்த விஷயத்தில் ஆதி உதாரணம். அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். மேற்குக் கரையில் வசித்தவர்களுக்கோ, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையையே ஒரு சினிமாக் காமிராவால் படம்பிடித்து எடுத்த, மங்கலும் கலங்கலுமான ‘கினஸ்கோப்’ பிரதிதான் வாய்க்கும். விளம்பரதாரர்களான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியார், தங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கிழக்கே இருக்கிறபடியால், லூசில் பாலும் அவருடைய கணவர் டெஸி ஆர்னாஸும் நியூயார்க்குக்கே வந்து நடிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். ஹாலிவுட்டை விட்டு நகர மனமில்லாத அந்தத் தம்பதிகள், எல்லோரும் ஒரே தரத்தில் பார்க்கும்படி 35 மில்லிமீட்டர் பிலிமிலேயே எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி, அதனால் கூடிய செலவுக்கு ஈடாகத் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பிரதியாகத் தொடரின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பு என்ற வியாபாரம் எவ்வளவு பெரிதாக வளரும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அந்த உரிமை அவ்வளவு சுலபமாகக் கைமாறியிராது.

ஒளிப்பதிவுக்கு அவர்கள் அமர்த்திக்கொண்டவரும் சாமானியர் அல்லர். ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராய்ண்ட் அவர். அரங்கத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, மூன்று காமிராக்கள் மூன்று கோணங்களிலிருந்து ஏககாலத்தில் ஓட வேண்டும் என்ற நிபந்தனையில், ஒவ்வொரு ‘ஷாட்’டுக்கும் விளக்கை மாற்றி வைக்க வழியில்லை, ஆகையால் அவர் விளக்குகளைப் பெரும்பாலும் மேலே தூக்கிக் கட்டி, எங்கே நின்றாலும் முகம் தெரியும்படி ஒளியைச் சமமாகப் பரப்பினார். அப்படிப் பதிவான நெகட்டிவில் அடங்கியிருந்த நுட்பங்களை, 1951-இல் எந்த வீட்டுப் பெட்டியும் காட்டியிருக்க முடியாது. ஆகவே இன்று அந்தத் தொடரை உயர்துல்லியத்தில் பார்க்கிறவன், இல்லாத ஒன்றைப் புதிதாக ஒட்டவைத்துப் பார்க்கவில்லை. பிராய்ண்ட் படம்பிடித்ததை முதன்முறையாகப் பார்க்கிறான்.

அப்படிப் பார்ப்பதால் சிரிப்பு கூடுகிறதா என்று கேட்டால், கூடுகிறது என்றே சொல்வேன். 1952-இல் வந்த மிட்டாய்த் தொழிற்சாலைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் பட்டையில் சாக்லேட்டுகள் வரவர வேகம் கூடுகிறது. காகிதம் சுற்ற முடியாமல் தவிக்கும் லூசியும் அவள் தோழி எதெலும் அவற்றை வாய்க்குள்ளும் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். அங்கே வசனம் ஏறக்குறைய கிடையாது. உப்பிய கன்னமும் விரிந்த கண்ணும் பதறும் விரலும்தான் உண்டு. லூசில் பாலின் கலை அடிப்படையில் அபிநயக் கலை. அதை மங்கலாகப் பார்த்தாலும் போதும் என்று சொல்கிறவர்கள், அதே நியாயத்தைச் சோக நடிகர்கள் விஷயத்திலும் சொல்லத் துணிவார்களா? அழவைக்கிறவனுக்குச் சிம்மாசனமும் சிரிக்கவைக்கிறவனுக்குத் திண்ணையும் என்ற பழைய ஏற்பாடுதான் இங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

டூமாண்ட் நிறுவனத்தார், தொலைக்காட்சிக் காமிராவையும் சினிமாக் காமிராவையும் ஒரே லென்ஸின் பின்னால் சேர்த்து அமைத்த விசித்திர யந்திரத்தால் 1955-56-இல் பதிவு செய்த ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் 39 கதைகள், 1961 முதல் 1966 வரை நடந்த ‘டிக் வான் டைக் ஷோ’, 1982-இல் தொடங்கிய ‘சியர்ஸ்’ ஆகியவையும் பிலிமிலே பிறந்தவையே. மூன்றுக்கும் ப்ளூரே வந்துவிட்டது, வந்தது நியாயமும்கூட.

டேப்பில் பிறந்தவற்றின் ஜாதகம் வேறு. 1971-இல் ‘ஆல் இன் தி ஃபாமிலி’ தொடரை வீடியோ டேப்பில் பதிவு செய்தார்கள்; மேடை நாடகத்தை நேரில் காண்பது போன்ற அந்த உடனடித்தன்மையை டேப் அற்புதமாகத் தரும். ஆனால் அமெரிக்க முறையின் 525 கோடுகளில் படத்தைச் சுமப்பவை சுமார் 480 மட்டுமே. கடைந்து வெண்ணெய் எடுத்த மோரை எத்தனை தரம் மறுபடி கடைந்தாலும் வெண்ணெய் திரளாது. அங்ஙனமிருக்க, யந்திர அறிவின் சகாயத்தால் அந்த 480-ஐ இழுத்துப் பெருக்கி உயர்துல்லியம் என்று பெயர் சூட்டுகிறார்கள். விளைவாக முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகின்றன, பின்னணியிலுள்ள எழுத்துகள் எந்தப் பாஷையிலும் சேராத கிறுக்கல்களாகின்றன. டேப்பின் ஜீவனோ கோடுகளைவிட அசைவில்தான் அதிகம். விநாடிக்கு 60 அரைப்படங்களாக ஓடும் அந்தச் சரளமான அசைவைச் சினிமாவைப் போலத் தோன்றச் செய்கிறோம் என்று 30 ஆகவோ 24 ஆகவோ குறைத்துவிட்டால், நேரடித் தன்மை போயே போய்விடும்.

பிரிட்டிஷ்காரர்கள் வீட்டுக்குள் நடப்பதை டேப்பிலும் வெளியே நடப்பதை 16 மில்லிமீட்டர் பிலிமிலும் எடுக்கும் இரட்டை வழக்கம் வைத்திருந்தார்கள். 1975-லும் 1979-லுமாக மொத்தம் 12 கதைகளே வந்த ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரில், ஹோட்டல் முதலாளி பேஸில் ஃபால்டி தன் காரை மரக்கிளையால் அடித்து விளாசும் காட்சி பிலிம். ஹோட்டலின் வரவேற்புக் கூடம் டேப். இத்தகைய தொடர்களுக்கு நான் கேட்பதெல்லாம், பிலிம் பகுதிகள் பிழைத்திருந்தால் அவற்றை மறுபடி ஸ்கேன் செய்து, டேப் பகுதிகளை இருந்தபடியே, அதிகம் நசுக்காமல், கொள்ளளவு மிகுந்த தட்டில் வைத்துத் தர வேண்டும் என்பதுதான்.

ஹாஸ்யத்துக்காக இவ்வளவு பிரயத்தனமா என்பவர்களுக்கு பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ கதையைச் சொல்லலாம். டேப் விலை அதிகம் என்று பழைய பதிவுகளை அழித்து மறுபடி உபயோகித்த காலத்தில், அத்தொடரின் இரண்டாம் வரிசையிலிருந்து மறைந்துபோன மூன்று கதைகளின் காட்சிப் பதிவுகள் இன்றளவும் அகப்படவில்லை. 1969-இல் வர்ணத்தில் ஒளிபரப்பான வேறொரு கதையோ கறுப்பு வெள்ளைப் பிலிம் பிரதியாக மட்டும் எஞ்சியிருந்தது. அந்தப் பிரதியில், மூல வர்ண சமிக்ஞை விட்டுச்சென்ற நுண்ணிய புள்ளிகள் படிந்திருப்பதைக் கண்ட நிபுணர்கள், அவற்றைக் கொண்டே வர்ணங்களைக் கணக்கிட்டு மீட்டார்கள். 2008-இல் அது மறுபடி வர்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. இல்லாததைக் கற்பனையால் நிரப்புவதற்கும், இருப்பதைத் தேடி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே பிரத்தியட்சம்.

பிலிமில் பிறந்தவற்றுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பழைய சதுரப் பெட்டிக்காக அமைத்த காட்சியை இன்றைய அகன்ற திரையில் நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் கத்தரித்துவிடுகிறார்கள். ‘சைன்ஃபெல்ட்’ 2021-இல் நெட்பிளிக்ஸில் வந்தபோது, சாலைப் பள்ளத்தைப் பற்றியே அமைந்த ஒரு கதையில் அந்தப் பள்ளமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கதாபாத்திரமான ஜார்ஜ் காலடியில் கிடப்பதைப் பற்றிப் பேசுகிறான், காலடி திரையில் இல்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரிலோ பக்கவாட்டில் பிலிமைத் திறந்துவிட்டபடியால், அதுவரை சட்டத்துக்கு வெளியே ஒதுங்கியிருந்த, நடிகர்களுக்குப் பதிலாக நிற்கும் மாற்றாட்கள் சில இடங்களில் கண்ணில் படுகிறார்கள். யார் எந்தக் கதவு வழியாக, எந்த விநாடியில் சட்டத்துக்குள் நுழைகிறார் என்பதே பாதி ஹாஸ்யமாக இருக்கையில், சட்டத்தை மாற்றுகிறவன் ஹாஸ்யத்தையே திருத்தி எழுதுகிறான்.

இவையெல்லாம் ஓடிடி தளங்களில்தான் கிடைக்கின்றனவே, தட்டு எதற்கு என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். 2020-இல் ‘30 ராக்’ தொடரின் நான்கு கதைகள், வெள்ளை நடிகர்கள் கறுப்புச் சாயம் பூசி நடித்த காரணத்தால், தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. அந்தச் சாயம் பலர் மனத்தைப் புண்படுத்தியது வாஸ்தவம். எனினும் ஒரு காலத்தின் தவறும் அந்தக் காலத்தின் சாட்சிதான், அதை ஒரே இரவில் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் பிறரிடம் இருப்பதை நான் விரும்பவில்லை. வியாபாரிகளின் உற்சாகமும் நம்பத் தகுந்ததன்று: ‘ஐ லவ் லூசி’யின் முதல் ஆண்டுத் தொகுதி 2014-லும் அடுத்தது 2015-லும் ப்ளூரேயில் வந்தபின், பல வருஷங்களுக்கு மூச்சுப் பேச்சு இல்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். புதிய தட்டு வாங்கியதும் பழைய டிவிடியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ டிவிடிகளில் ஒளிபரப்பின்போது வெட்டப்பட்ட பல துணுக்குகளைச் சேர்த்து நீளமான வடிவத்தைக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ப்ளூரேயில் கதைகள் ஒளிபரப்பான நீளத்துக்கே திரும்பிவிட்டன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இடம் போதாது என்றால் மெட்ரோபொலிஸின் மூன்றாவது பதிப்பை எடுத்துவிடலாம்.